புள்ளியும் இழையும் கணினியும்
(வாசல் கோலத்தின் இலக்கணம் பற்றி ஒரு வரலாற்றுப் பார்வை)

கணினி என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்குப் பெங்களூரு ஞாபகம் வரும். இல்லாவிட்டால் அமெரிக்கா ஞாபகம் வரும். இந்தியாவுக்கு முதல் மின்னணுக் கணிப்பொறி வந்து இறங்கிய ஊர் நாம் குடியிருக்கும் இந்தக் கொல்கத்தா என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. அதேபோல, கணினிக்குப் படம் வரையும் இலக்கணம் வகுத்த முன்னோடிகளில் சிலர் சென்னையை அடுத்த தாம்பரத்தில் வாழ்ந்த தமிழர்கள் என்பதும், அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நம் வீட்டு வாசல் கோலம் என்பதும் தெரியாது. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு, மனிதனின் படைப்புத் திறனுக்குக் கணினி துணையா, போட்டியா என்று இன்று எல்லா வீட்டிலும் எழும் கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பரானகரில் வந்து இறங்கிய பொறி

பாரக்பூர் டிரங்க் ரோட்டில் வடக்கே போனால் பரானகரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறது. பேராசிரியர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் 1931இல் நிறுவியது. தொடக்கத்தில் பிரசிடென்சி கல்லூரியில் இடம் கொடுத்தார்கள், பிறகுதான் பரானகர். தமிழர்களுக்கும் இந்த நிறுவனத்துக்கும் உறவு உண்டு. 2007இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு பெற்ற சென்னை எஸ்.ஆர்.எஸ். வரதன் 1963இல் முனைவர் பட்டம் வாங்கியது இங்கேதான். நூலகத் துறையின் தந்தை என்று நாம் போற்றும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1962இல் பெங்களூரில் தொடங்கிய ஆவண ஆய்வு மையமும் இந்த நிறுவனத்தின் கிளையே.

அந்தக் காலத்தில் 'கம்ப்யூட்டர்' என்பது இயந்திரத்தின் பெயரில்லை. கணக்குப் போடும் ஆளின் பெயர். வரிசையாக மேஜை போட்டு, கைப்பிடி சுழற்றும் கணக்குப் பொறிகளை வைத்துக்கொண்டு ஆட்கள் நாள் முழுக்கக் கணக்குப் போடுவார்கள். 1953இல் சமரேந்திர குமார் மித்ரா என்ற வங்காளப் பொறியாளர், 10 சமன்பாடுகளை ஒரே நேரத்தில் தீர்க்கும் மின்னணுக் கருவி ஒன்றை இந்த நிறுவனத்திலேயே செய்து காட்டினார். அடுத்து 1955-56இல் இங்கிலாந்தின் பிரிட்டிஷ் டாபுலேட்டிங் மெஷின் கம்பெனியிலிருந்து எச்.இ.சி. 2எம் என்ற கணிப்பொறி கப்பலேறி வந்தது. விலை சுமார் 2 லட்சம் ரூபாய். அதே காலத்தில்தான், 'சைபர்னெடிக்ஸ்' என்ற துறைக்குப் பெயர் சூட்டிய அமெரிக்கக் கணிதர் நார்பர்ட் வீனர் பரானகரில் வந்து தங்கிப் பாடம் நடத்தினார். பின்னர் சோவியத் நாட்டிலிருந்து உரால் என்ற பொறி வந்தது. 1966இல் இந்த நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஐ.எஸ்.ஐ.ஜே.யு. 1 என்ற கணினியைத் தாங்களே வடிவமைத்துச் செய்து முடித்தார்கள்.

இந்தப் பொறிகளெல்லாம் எதற்கு? இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கும், விளைச்சல் கணிப்புக்கும், குடும்பச் செலவு ஆய்வுக்கும். எண்ணைக் கொடுத்தால் எண்ணைத் திருப்பித் தரும். அதைக்கொண்டு படம் போடலாம், பாட்டுக் கட்டலாம் என்று அன்று யாரும் அதை வாங்கவில்லை.

ஆனால் எச்.இ.சி. என்ற பெயரின் முதல் எழுத்தில் ஒரு கதை இருக்கிறது. அது ஹாலரித் என்ற அமெரிக்கரின் பெயர். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஓட்டை போட்ட அட்டைகளைப் பயன்படுத்தியவர் அவர். பரானகருக்கு வந்த பொறியும் ஓட்டை அட்டையைத்தான் படித்தது. அந்த அட்டை முதலில் எங்கே இருந்தது தெரியுமா? தறியில்!

2. தறி அட்டை

நான் ஆரணிப் பட்டு வியாபாரி. ஆகவே இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.

பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பவர் 1804 வாக்கில் அமைத்த தறிப் பெட்டியில் அட்டைகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். ஒவ்வொரு அட்டையும் ஓர் ஊடை இழைக்கான கட்டளை. ஓட்டை இருந்தால் அந்தப் பாவிழை மேலே எழும். ஓட்டை இல்லாவிட்டால் எழாது. உண்டு, இல்லை என்ற இரண்டே பேச்சு. அந்த இரண்டு பேச்சில் மயிலும் அன்னமும் மாங்காயும் புடவையில் வந்துவிடும். இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830களில் தாம் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கு இந்த அட்டையையே எடுத்துக்கொண்டார். 1843இல் அதற்கு விளக்கக் குறிப்பு எழுதிய ஏடா லவ்லேஸ் அம்மையார் இரண்டு கருத்துகளைச் சொன்னார். இசையின் விதிகளை எண்ணாக மாற்றிக் கொடுத்தால் இயந்திரம் இசையும் அமைக்கக்கூடும் என்பது ஒன்று. ஆனால் அது தானாக எதையும் தோற்றுவிக்காது, நாம் கட்டளையிடத் தெரிந்ததை மட்டுமே செய்யும் என்பது இரண்டாவது. இன்றுவரை நடக்கும் விவாதம் முழுவதும் இந்த இரண்டு கருத்துகளுக்குள் அடங்கிவிடும் என்று நான் எண்ணுகிறேன்.

காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு வருவதற்கு முன் 'அடை' என்ற முறை இருந்தது. டிசைன் முழுவதையும் நூலாலேயே கட்டித் தறியில் வைத்திருப்பார்கள். எந்தப் பாவிழைகள் எழ வேண்டுமோ அவற்றை உதவிக்கு நிற்கும் ஆள் இழுத்துக் கொடுக்க, நெசவாளி நாடாவை ஓட்டுவார். ஆக, உருவத்தைக் கட்டளைகளாகப் பிரித்துச் சேமித்து வைக்கும் வித்தை நமக்கு வெளியிலிருந்து வந்த புதுமை இல்லை. வங்காளத்திலும் இதே கதை நடந்தது. அழிந்துபோயிருந்த பாலுசரி நெசவை 1950களில் சுபோ தாகூரின் தூண்டுதலால் விஷ்ணுபூரின் அட்சய் குமார் தாஸ் மறுபடி உயிர்ப்பித்தபோது, பழைய தறிக்குப் பதிலாக ஜக்கார்டைத்தான் பயன்படுத்தினார். 'இயந்திரம் வந்து கலையைக் கெடுத்தது' என்று பொதுவாகப் பேசுகிறோமே, அந்தக் கலை திரும்பி வந்ததே அட்டையினால்தான்.

இப்போது கிராப் காகிதத்தில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டிய வேலையைக் கணினி எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரு முந்தானையின் நிறத்தை மாற்றிப் பார்க்க முன்பு புதிதாக வரைய வேண்டும்; இன்று திரையில் ஒரு நொடி. ஆனால் பத்து நிறத்தில் காட்டினாலும் எது எடுபடும் என்று சொல்ல இன்னும் ஒரு கண் வேண்டியிருக்கிறது. கடையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது தினசரிப் பாடம்.

3. தாம்பரத்தில் கோலம் படித்தவர்கள்

இனி முக்கியச் செய்திக்கு வருவோம். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி (1932-1988) என்ற பேராசிரியர் இருந்தார். கணிதமும் புள்ளியியலும் அவர் துறை. ஆனால் மாமல்லபுரச் சிற்பம், பிராமிக் கல்வெட்டு, சிந்துவெளி எழுத்து என்று அவர் கை வைக்காத இடமில்லை. அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினி படித்து அறிவது எப்படி என்று 1978லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர். அவருடைய துணைவியார் ராணி சிரோமணி (1929-2019) இந்தியாவில் கோட்பாட்டுக் கணினியியலை வளர்த்த முன்னோடிகளில் ஒருவர். இவர்களோடு சேர்ந்து உழைத்த கமலா கிருதிவாசன் பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார். இம்மூவரும் சேர்ந்து 1974இல் ஒரு சர்வதேச இதழில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே 'கோலம்' என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது.

அதற்கு முன்கதை ஒன்று வேண்டும். 1950களில் நோம் சாம்ஸ்கி என்ற அமெரிக்க மொழியியலாளர், ஒரு மொழியின் வாக்கியங்களையெல்லாம் சில மாற்று விதிகளால் பிறப்பிக்கலாம் என்று காட்டினார். 'வாக்கியம்' என்று எழுது. அதை அழித்து 'எழுவாய், பயனிலை' என்று எழுது. 'எழுவாய்' இருந்த இடத்தில் 'வள்ளி' என்றும், 'பயனிலை' இருந்த இடத்தில் 'வந்தாள்' என்றும் எழுது. வாக்கியம் பிறந்துவிட்டது. விதிகள் கொஞ்சம், பிறக்கும் வாக்கியங்களுக்கு முடிவில்லை. கணினி மொழிகளுக்கும் இதுவே அடிப்படையாயிற்று.

ஆனால் வாக்கியம் ஒரு வரியில் ஓடுவது. படம் அப்படியில்லை, அது நீளமும் அகலமும் உள்ளது. படத்துக்கு இலக்கணம் எழுதுவது எப்படி? தாம்பரத்து அறிஞர்கள் கோலத்தைக் காட்டினார்கள். ஒரு சிறு உருவை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒட்டுவது, கீழே ஒட்டுவது என்ற இரண்டு செயல்களை விதியாக்கினால், சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலம், அதிலிருந்து இன்னும் பெரிய கோலம் என்று ஒரு குடும்பமே பிறக்கும். எந்தக் கோலக் குடும்பத்துக்கு எளிய விதி போதும், எதற்குக் கடினமான விதி வேண்டும் என்று சாம்ஸ்கியின் படிநிலைகளையே வைத்து வகைப்படுத்தினார்கள். நம் பாட்டிமார்கள் 'இது சின்னக் கோலம்தான், ஆனா கஷ்டம். அது பெரிசு, ஆனா சுலபம்' என்று சொல்வார்களே, அதற்குக் கணிதக் காரணம் கிடைத்தது.

நம் பெண்களின் குறிப்பு முறையையே பாருங்கள். '15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை' என்று நோட்டில் எழுதியிருக்கும். அவ்வளவுதான் எழுத்து. நடுவில் 15 புள்ளி; மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து, இடைவெளிக்கு நேராகப் புள்ளி வைத்து, 8 வந்ததும் நிறுத்து என்று பொருள். கூட்டிப் பார்த்தால் 169 புள்ளி. '7 புள்ளி, நேர்ப்புள்ளி, 1 வரை' என்றால் 1, 3, 5, 7, 5, 3, 1 ஆக 25. நூற்று அறுபத்தொன்பது புள்ளிகளை ஒரு வரியில் சுருக்கி எழுதுகிறவருக்குக் கணினி நிரல் எழுதுவோரின் புத்தி இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

அடுத்தது கம்பிக் கோலம்; சிக்குக் கோலம் என்றும் சொல்வோம். புள்ளிகளைச் சுற்றி இழை வளைந்து வளைந்து போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். இதைப் போடுபவர் முழுப் படத்தையும் மனத்தில் வைத்திருப்பதில்லை. கையின் அசைவைத்தான் வைத்திருக்கிறார். 1980களில் சிரோமணி குழுவினர் இந்த அசைவுகளை ஏழாகப் பிரித்தார்கள். நேராகப் போவது ஒன்று. வலப்பக்கம் கொஞ்சம் வளைவது, நன்றாக வளைவது, சுற்றி வருவது என்று மூன்று. இடப்பக்கமும் அதேபோல மூன்று. இந்த ஏழு எழுத்தில் ஒரு கோலத்தை வாக்கியம் போல எழுதிவிடலாம்; கணினி அதைப் படித்து வரைந்துவிடும்.

அதற்கு முன்பே, 1968இல் அரிஸ்டிட் லிண்டன்மையர் என்ற உயிரியலாளர், பாசியும் செடியும் வளர்வதை விளக்க ஒரு மாற்று விதி முறையை அமைத்திருந்தார். கனடாவில் பணியாற்றிய புருசின்கீவிச் என்பவர் அம்முறையால் கணினித் திரையில் செடி, கொடி, பூக்களை வளர்த்துக் காட்டினார். அதே முறைக்குள் நம் கோலங்களும் அடங்கின. கண்ணன் கால் கொலுசின் பெயரைத் தாங்கிய ஒரு கம்பிக் கோலம் உலகப் பல்கலைக்கழகங்களின் பாடங்களில் இடம் பெற்றது. 2002இல் அமெரிக்கக் கணித வரலாற்றாளர் மார்சியா ஆஷர் அம்மையார் கோலத்தைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதினார்.

இன்னொரு செய்தி, பிள்ளைகளை உட்காரவைத்து வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நேர்ப்புள்ளிகளைச் செவ்வகமாக வையுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி, இடையில் தடுப்பு வைக்காமல், இழையைக் குறுக்காக இழுத்து ஓரத்தில் வளைத்துத் திருப்பிச் சிக்குக் கோலம் போடுங்கள். 4 வரிசை, 5 பத்தி என்றால் ஒரே இழையில் முடிந்துவிடும். 4க்கு 6 என்றால் இரண்டு இழை. 4க்கு 4 என்றால் நான்கு இழை. காரணம், பள்ளியில் படித்த மீப்பெரு பொதுக்காரணி. இரண்டு எண்ணுக்கும் பொதுவான பெரிய வகுஎண் எதுவோ அத்தனை இழை. ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டு மக்கள் மணலில் போடும் சோனா சித்திரத்திலும் இதே கணக்கு இருப்பதை மொசாம்பிக்கின் பௌலஸ் கெர்டஸ் என்ற அறிஞர் விளக்கியிருக்கிறார். தமிழ்நாட்டு வாசலும் அங்கோலா மணலும் ஒரே கணக்கைச் சொல்வது வியப்புத்தானே!

4. சமணரும் விகற்பக் கணக்கும்

விதிகளைக் கொண்டு எல்லா வாய்ப்புகளையும் எண்ணிப் பார்ப்பது இந்த நாட்டில் புதிதன்று. இதில் எங்கள் சமண முன்னோர்க்கு ஒரு தனி ஈடுபாடு. 9ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த மகாவீராசாரியர் தம் 'கணித சார சங்கிரகம்' என்ற நூலில், இத்தனை பொருளில் இத்தனையைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழி என்பதற்குப் பொது விதி தந்தார். இந்நூலை 1912இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் பதிப்பித்தவர் பேராசிரியர் ரங்காசாரியார். ஆறு சுவைகளை வைத்துக்கொண்டு எத்தனை கலவை செய்யலாம்? ஒன்றாக 6, இரண்டிரண்டாக 15, மூன்று மூன்றாக 20, பிறகு 15, 6, 1; ஆக 63. 1150 வாக்கில் குஜராத்தின் ஹேமசந்திரர், ஒரு மாத்திரைக் குறிலும் இரண்டு மாத்திரை நெடிலும் கலந்து ஒரு அளவை நிரப்ப எத்தனை வழி என்று எண்ணினார். 1, 2, 3, 5, 8, 13 என்று வந்தது. இத்தாலியில் ஃபிபொனாச்சி இதே வரிசையை எழுதிய நூல் 1202ஆம் ஆண்டுக்குரியது.

தமிழுக்கு வருவோம். 'யாப்பருங்கலக் காரிகை' இயற்றிய அமிதசாகரர் சமண முனிவர். நேர், நிரை என்று இரண்டே அசை. ஓரசைச் சீர் 2, ஈரசைச் சீர் 4, மூவசைச் சீர் 8, நாலசைச் சீர் 16, மொத்தம் 30. ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாவதைக் கவனியுங்கள். கணினியின் சுழி, ஒன்று என்ற இரண்டு எண்ணும் இதே போலத்தான் பெருகுகின்றன. வெண்பாவின் விதியோ இன்னும் திட்டமானது. மாச்சீருக்குப் பின் நிரையசை வர வேண்டும். விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் பின் நேரசை வர வேண்டும். கனிச்சீர் வரவே கூடாது. இயந்திரத்துக்கு இதைவிடத் தெளிவாகக் கட்டளை எழுத முடியாது. ஒரு பாட்டைக் கொடுத்தால் அசை பிரித்து, தளை பார்த்து, இன்ன பா என்று சொல்லும் 'அவலோகிதம்' போன்ற மென்பொருள் வந்துவிட்டதில் வியப்பில்லை.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். தளை தட்டாமல் ஆயிரம் வெண்பா எழுதியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் பாட்டு நின்றது? 63 கலவையையும் கணக்கு சொல்லிவிடும். எந்தக் கலவையில் ரசம் வைப்பது என்று அடுப்படியில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். காரிகை இதைக் குறையாகக் கருதவில்லை. எது கூடும், எது கூடாது என்பதை வரையறுத்து, மீதியைப் புலவரிடம் விட்டது. கணினியைத் துணையாகக் கொள்வதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

5. அல்பனாவின் பாடம்

நம் அடுக்குமாடி வீடுகளில் ஒரே மாடிப்படியில் இரண்டு மரபு உண்டு. நம் வாசலில் கோலம். எதிர்வீட்டில் கோஜாகரி லட்சுமி பூஜையன்று அல்பனா. அரிசிமாவைக் கரைத்து விரலால் வழிய விட்டு, லட்சுமியின் பாதங்களையும் நெற்கதிரையும் கொடியையும் வரைவார்கள். அபனீந்திரநாத் தாகூர் 1919இல் வெளியிட்ட வங்க விரதங்கள் பற்றிய நூலில் இவற்றைத் தொகுத்து ஆராய்ந்தார். சாந்திநிகேதனின் கலாபவனத்தில் நந்தலால் போஸ் காலத்தில் அல்பனா விழா மேடைகளின் கலையாகவே வளர்ந்தது.

அல்பனாவில் புள்ளி இல்லை. எண்ணிக்கை இல்லை. கொடி எங்கே திரும்பும் என்பது அந்தக் கணத்தில் கையின் முடிவு. ஆகவே சிரோமணியின் முறை கோலத்தில் வெற்றி பெற்ற அளவுக்கு இங்கே எளிதில் செல்லாது. விதி எழுதிக் கொடுக்க முடியாததைக் கணினிக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? அதற்குப் பிற்காலத்தில் கண்ட வழி, விதி எழுதாமல் லட்சக்கணக்கான மாதிரிகளைக் காட்டிவிடுவது. மாதிரிகளிலிருந்து பொறி தானே சாயலைப் பிடித்துக்கொள்ளும். 2022 முதல், சொல்லில் கேட்டால் படமாகத் தரும் மென்பொருள்கள் பொதுமக்கள் கைக்கு வந்தது இந்த வழியில்தான்.

6. துணையா, போட்டியா?

ஆக, இரண்டு பாதைகள். முதற்பாதையில் மனிதன் தன் கலையின் விதியைத் தானே யோசித்து எழுதிப் பொறிக்குத் தருகிறான். ஹரால்டு கோஹன் என்ற பிரிட்டிஷ் ஓவியர் 1970களின் தொடக்கத்திலிருந்து 2016இல் மறையும் வரை 'ஆரன்' என்ற வரையும் நிரலை இப்படித்தான் வளர்த்தார். தான் எப்படி வரைகிறோம் என்று தன்னையே கேட்டுக் கேட்டு எழுதிய விதிகள் அவை. தாம்பரத்து ஆய்வும் இந்த வகையே. இதில் பொறியை வளர்க்க வளர்க்க மனிதனுக்குத் தன் கலை மேலும் புரிகிறது.

இரண்டாவது பாதையில் பொறிக்கு மாதிரிகளை ஊட்டுகிறார்கள். விளைவு பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எந்த விதியால் வரைந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. யாருடைய கோலத்தைப் பார்த்துக் கற்றது என்று கேட்டாலும் பதில் இல்லை. வியாபாரியாகிய எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் உறுத்துகிறது. பேரேட்டில் வரவு எழுதினால் யாரிடமிருந்து வந்தது என்று எழுத வேண்டும். எங்கள் அணுவிரதங்களில் மூன்றாவது கள்ளாமை. ஒருவர் மனமுவந்து கொடுக்காத பொருளை எடுத்தல் ஆகாது. வாசலில் போட்ட கோலம் எல்லாரும் பார்ப்பதற்குத்தான், மறுநாள் அழிவதற்குத்தான். போட்டவள் கையெழுத்துப் போடவில்லை. அதனால் அது உரிமையாளர் இல்லாத பொருள் ஆகிவிடுமா? சிரோமணி தம்பதியர் கோலத்தைக் கோலம் என்றே பெயர் சொல்லி, தமிழ்ப் பெண்களின் கலை என்று சொல்லி உலக அரங்கில் வைத்தார்கள். அந்த மரியாதை இந்தப் புதிய பாதையில் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

அதற்காகக் கணினியே வேண்டாம் என்று சொல்பவனும் அல்லன் நான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் விழாக் கோலப் போட்டியில் நடுவராக உட்கார்ந்தேன். பொறியியல் படிக்கும் ஒரு பெண், 7 முதல் 1 வரை உள்ள நேர்ப்புள்ளியில் எத்தனை விதமாக இழை ஓடும் என்று தானே ஒரு நிரல் எழுதி, தாள் தாளாக அச்செடுத்துப் பார்த்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கையால் போட்டிருந்தாள். 'மெஷின் போட்ட கோலத்துக்கு எதுக்குப் பரிசு?' என்று பலரும் ஆட்சேபித்தார்கள். 'ஏம்மா இதை எடுத்தே?' என்று கேட்டேன். 'மாமா, மத்ததுல பாதி இழை தனித்தனியா துண்டாயிடுது. இது ஒரே இழையில முடியுது. அதுலயும் நடுவுல மூச்சு விட இடம் இருக்கு. மத்ததெல்லாம் அடைசலா இருந்தது' என்றாள். மற்ற நடுவர்கள் ஒப்பவில்லை. பரிசு வேறொருவருக்குப் போயிற்று. என் மதிப்பெண்ணை நான் அவளுக்கே போட்டேன். எல்லா வாய்ப்புகளையும் பொறி அடுக்கிக் கொடுத்தது. அடைசல் எது, மூச்சு எது என்று பார்த்தது அந்தப் பெண். மகாவீராசாரியர் எண்ணிக் கொடுத்ததையும், அடுப்படியில் நிற்பவர் ருசி பார்த்ததையும் ஒரே ஆள் செய்திருக்கிறாள். இதைவிடக் கணினியை எப்படிப் பயன்படுத்துவது?

இதற்கு மாறாக, ஸ்டிக்கர் கோலத்தை வாங்கி வாசலில் ஒட்டிவிட்டுப் போகிறோமே, அங்கே எண்ணியவரும் இல்லை, தேர்ந்தவரும் இல்லை. அரிசிமாவுக் கோலத்தில் எறும்புக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எங்கள் வீட்டில் முதலில் சொல்லிக் கொடுத்த அகிம்சைப் பாடம். ஸ்டிக்கரில் அந்தப் பங்கும் போயிற்று. இந்த நஷ்டத்துக்குக் கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை. அதிகாலையில் குனிய முடியாத நம் அவசரம்தான் காரணம்.

7. செய்ய வேண்டியது

நம் சங்கத்தார்க்கும் தாய்மார்களுக்கும் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு வீட்டிலும் அம்மாவோ பாட்டியோ எழுதி வைத்த கோல நோட்டு ஒன்று அலமாரியின் அடியில் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையுமாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். அவற்றைச் சங்கத்தில் சேர்த்து, படியெடுத்துக் கணினியில் ஏற்றுவோம். ஒவ்வொரு கோலத்துக்கும் கீழே போட்டவர் பெயர், அவர் ஊர், எத்தனை புள்ளி, நேரா ஊடா, எத்தனை இழை என்று எழுதுவோம். அடுத்த தலைமுறையில் எந்தப் பொறி இதைப் பார்த்துக் கற்றாலும், யாரிடம் கற்றது என்ற கணக்கு நம் கையில் இருக்கும்.

இரண்டு: ஞாயிறு தமிழ் வகுப்பில் மாதம் ஒரு நாள் கோல வகுப்பு வைக்கலாம். கணக்கு என்றால் பயப்படும் பிள்ளைகள் 4க்கு 5, 4க்கு 6 என்று சுண்ணாம்புக் கட்டியால் போட்டுப் பார்க்கட்டும். நிரல் எழுதத் தெரிந்த அண்ணன், அக்காமார்கள் அதையே திரையில் போட்டுக் காட்டட்டும். பாட்டியும் பேத்தியும் ஒரே வகுப்பில் ஆசிரியர்களாக நிற்கலாம்.

மூன்று: எதிர்வீட்டு வங்காளத் தாய்மார்களையும் அழைத்து அல்பனா போடச் சொல்லுங்கள். புள்ளி வைத்துப் போடும் கலையையும், புள்ளி இல்லாமல் போடும் கலையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால்தான் எது விதிக்கு அடங்கும், எது அடங்காது என்பது பிள்ளைகளுக்கு விளங்கும்.

எங்கள் வீட்டு நோட்டில் 112 கோலங்கள் இருக்கின்றன. என் தாயார் கைப்பட எழுதியது. அதை வரும் கூட்டத்தன்று செயலாளரிடம் ஒப்படைக்கிறேன். மற்றவர்களும் கொண்டு வாருங்கள்.